இரண்டு பட்டியலிலும் இல்லாத சொல்

எங்கள் வெள்ளமுனையிலிருந்து ஒன்பது பேரோடு ஆழ்கடலுக்குப் போன கஸ்பாரின் விசைப்படகு, காற்றும் மழையும் இல்லாத ஒரு ஆகஸ்ட் மாதப் பகலில் காணாமல் போய், ஹெலிகாப்டர் தேடி, நாங்கள் தேடி, பங்குச் சாமியார் பூசை வைத்து, ஒன்பது வீட்டிலும் அழுது ஓய்ந்து, கஸ்பாரின் பெண்டாட்டி மெட்டில்டா அவனுடைய செருப்பைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்ட பிறகு, நாற்பத்தோராம் நாள் காலையில், டீசல் தொட்டி நிறைந்திருக்க, பெட்டியில் போட்ட ஐஸ்கூட உருகாமல், போனது போனபடியே திரும்பி வந்து துறையில் நின்றது. ஒன்பது பேரும் தாடி வளராமல் இறங்கினார்கள். கேட்டால், காலையில்தானே போனோம் என்றார்கள். கட்டிப்பிடித்தோம், அழுதோம், வெடி வெடித்தோம், அதற்குமேல் யாரும் எதையும் துருவவில்லை. வந்தார்களே, அது போதாதா.

அன்று சாயங்காலம் நன்றிப் பூசைக்குப் போகும்போதுதான் தெரிந்தது, ஒவ்வொருவரும் கொஞ்சம் சொற்களைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று. கோயில் வாசலில் கஸ்பார் படிக்கட்டில் முட்டி விழுந்தான், எழுந்தான், மறுபடி முட்டி விழுந்தான். இருபது வருஷமாக ஏறிய படிக்கட்டு அவன் கண்ணுக்கு இல்லை. 'படிக்கட்டு' என்று நாங்கள் கத்தினால் அந்த ஒரு சொல் மட்டும் அவன் காதில் விழாமல் காற்றாகப் போனது. மெட்டில்டா பொறுமைக்குப் பேர் போனவள் இல்லை. அவன் இடது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வாயை வைத்து, "படிக்கட்டுவே, படிக்கட்டு!" என்று அலறினாள். கஸ்பார் நிமிர்ந்து பார்த்து, "ஆமா, படிக்கட்டு. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துத?" என்று நிதானமாக ஏறிப் போய்விட்டான். பின்னாலேயே போன மெட்டில்டா முதல் படியில் இடித்துக் குப்புற விழுந்தாள், முன்பல் இரண்டு போயிற்று. சொல் அவனுக்குப் போனதும் அவளிடம் இல்லாமல் ஆகியிருந்தது. மறு வாரமே கோயிலுக்கு ஒரு சரிவுப் பாதை போட்டோம், அவள் இன்றைக்கும் அதில்தான் ஏறுகிறாள்.

இப்படித்தான் வழக்கம் பிடிபட்டது. சொல்லை இழந்தவனுக்குச் சொல்லுக்குரிய பொருளும் இல்லை. இன்ன சொல் என்று தெரிந்தால், அது உள்ள ஒருவர் அவன் இடது உள்ளங்கையில் சொல்லிக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது போய்விடும். அவன் இழக்காத சொல்லைக் கொடுத்தால் ஒட்டாது, கொடுத்தவரிடமே திரும்பிவிடும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். இரண்டாவதைச் சொன்னால் முதலாவது வெளியே விழுந்துவிடுகிறது. முதல் வாரம் ஒரே மூச்சில் ஒட்டிய சொல், மூன்றாம் வாரம் பத்துத் தரம் சொன்னால்தான் ஒட்டியது, ஐந்தாம் வாரம் அரை நாள் சொல்ல வேண்டியிருந்தது. கடல் நாற்பத்தொரு நாள் வைத்திருந்ததால் கரையும் நாற்பத்தொரு நாள்தான் தவணை தரும் என்று கஸ்பார் சொன்னான், நாங்களும் நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாமியார் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்ததும் அந்த வாரத்துக்குத் தேவையான சொற்களையும் வாசிக்கத் தொடங்கினார். எங்கள் ஊர் மீனைப் பங்கு வைத்துப் பழகிய ஊர், சொல்லையும் அப்படியே பங்கு வைத்தது. 'பாகற்காய்' வேண்டும் என்றபோது பாதிக் கோயில் எழுந்து நின்றது. 'பரீட்சை'யைப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முந்திக்கொண்டு கொடுத்துவிட்டாள். மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடம் ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை. ஒருவன் 'மாமியார்' என்பதை இழந்திருந்தான், கொடுக்க மூன்று மருமகள்கள் வரிசையில் வந்தார்கள், சாமியார்தான் மூவரையும் முறைத்து உட்கார வைத்தார். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தோம். சிரிக்க முடியாமல் போனது ஒரு வீட்டில் மட்டும்.

அது தஸ்நேவிஸ் வீடு. கஸ்பார் படகில் வலை இழுப்பவன், அதிகம் பேசாதவன். அவன் பெண்டாட்டி ஜெனோவா, கோயில் வளாகத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். பிள்ளை கிடையாது, நாலு வருஷத்துக்கு முன்னால் பிறந்த ஒன்று பத்தொன்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. படகு வந்த அன்று முதல் ஆளாக ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தவள் ஜெனோவா. அவன் ஈயை ஓட்டுவது போலக் கையை உதறிவிட்டு, அவளைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்து, "ஜெனோவா வரலியா?" என்று கேட்டான்.

முதலில் பெயர்தான் போயிற்று என்று நினைத்தோம். ஆனால் பெயரை அவனே சொல்கிறானே. 'பெண்டாட்டி'யும் அவனிடம் இருந்தது, 'கல்யாணம்' இருந்தது, 'வீடு' இருந்தது. அவளுடைய ஆத்தாள் ஊருக்குப் போயிருப்பாள் என்று தானாக முடிவு செய்துகொண்டு, தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெண்டாட்டி வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சோறு வைத்தால் சாப்பிட்டான், யார் வைத்தது என்று கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இங்கனதான் இருக்கேன், என்னையப் பாருங்க" என்பாள். அவன் தெருவில் போகிற மெட்டில்டாவிடம், "மைனி, ஜெனோவா போன் எதுவும் பண்ணுனாளா?" என்று கேட்பான். காத்திருக்கப்படும் ஆளே பக்கத்தில் உட்கார்ந்து தனக்காகக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட கொடுமை என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் அந்தத் தெருவில் போவதையே குறைத்துக்கொண்டோம்.

ஜெனோவா அழுதுகொண்டு மட்டும் இருக்கிறவள் இல்லை. ஏதோ ஒரு சொல்லோடு சேர்ந்துதான் நான் கடலில் விழுந்திருக்கிறேன், அது எதுவென்று கண்டுபிடித்துவிட்டால் போதும் என்றாள். நாலு வருஷமாக அவன் கடலிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை. டவர் எட்டும் தூரத்துக்குப் படகு வரும்போதெல்லாம் கொத்தாக வந்து விழும் செய்திகள் அவை. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, அவன் வாயில் வந்த ஒவ்வொரு சொல்லையும் வரிக்கு ஒன்றாகத் தட்டினாள். அது முதல் பட்டியல். இப்போது அவன் பேசுவதை எல்லாம், அவன் பின்னாலேயே போய், டீக்கடையிலும் துறையிலும் அவன் தோளுக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து தட்டினாள். அது இரண்டாவது பட்டியல். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதது எதுவோ அதுதான் கடலில் விழுந்தது.

முதலில் எழுதிய புரோகிராம், ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டாவது பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடும், பிறகு அடுத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி மேலிருந்து வரும். ஒரு ஆளைத் தேடி ஊரில் உள்ள எல்லாக் கதவையும் தட்டுவது போல. சென்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே கிடந்தது. பிறகு இரண்டாவது பட்டியலை அப்படியே ஒரு தொகுப்பாக மாற்றினாள். அதில் எந்தச் சொல்லைக் கேட்டாலும், தெருத்தெருவாக அலையாமல் அதன் கதவை மட்டும் ஒரு தரம் தட்டி, உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிடும். பைத்தானில் மொத்தம் ஆறு வரி. மற்ற எட்டு பேர் வீட்டுப் பெண்களும் தங்கள் போனோடு வந்து நின்றார்கள், எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தாள். கஸ்பாருக்கு 'நன்றி' என்ற சொல் காணவில்லை என்று வந்தபோது மெட்டில்டா, "அது கடல்ல விழல டீச்சர், பொறக்கும்போதே கெடையாது" என்றாள்.

தஸ்நேவிஸுக்கு முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு சொல் காணவில்லை என்று வந்தது. அதில் பாதி அவன் இன்னும் பேசாமல் இருப்பவை, இழந்தவை அல்ல. எனவே அவனைப் பேச வைக்க வேண்டும். அவளால் பேச வைக்க முடியாது, எங்களை அனுப்பினாள். நாங்கள் போய் அவனிடம் ஆட்டுரலைப் பற்றி, வானிலையைப் பற்றி, அவனுடைய பெரியப்பாவின் மூலநோயைப் பற்றியெல்லாம் பேச்சுக் கொடுத்தோம். அவன் ஒரு சொல்லைச் சொன்னதும் அது பட்டியலிலிருந்து உதிர்ந்தது. தொண்ணூறாயிற்று, முப்பத்தெட்டாயிற்று, கடைசியில் பதினேழு நின்றது. பதினேழையும் நாளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். 'குடை'யை சாமியார் கொடுத்தார், அதிலிருந்து நனைந்துகொண்டுதான் வருகிறார். 'ஊஞ்சல்', 'எலுமிச்சை', 'தையல்' மூன்றையும் ஜெனோவாவே கொடுத்தாள். ஒவ்வொரு சொல் ஒட்டியதும் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றுகொள்வாள். அவன் அவளைத் தாண்டித் தெருவைப் பார்ப்பான்.

படகு திரும்பிய முப்பத்தெட்டாம் நாள் புரோகிராம் எதையும் காட்டவில்லை. காணாமல் போனது ஒன்றுமில்லை என்றது. அன்றைக்குத்தான் அவள் சத்தம் போட்டு அழுதாள். "மிஷின் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது மைனி. அவிய கண்ணுல நான் மட்டும் இல்ல. அப்ப நான் எந்தச் சொல்லு?" என்றாள். மெட்டில்டா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வேறு வேலை ஓடாமல் ஜெனோவா பட்டியல்களைத் தலைகீழாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். முன்பு சொல்லாமல் இப்போது மட்டும் சொல்வது என்ன என்று. மேலே வந்து நின்றது அவள் பெயர். கடலில் அவள் பெயர் வராது, அது அவளுக்குத் தெரியும். எங்கள் ஊர் ஆண்கள் கடலில் வீட்டுப் பெண்ணைக் குறிக்கும் எந்தச் சொல்லையும் வாயில் எடுப்பதில்லை, கடலுக்குப் பொறாமை வரும். 'சமையல்கட்டுக்குக் காய்ச்சல் விட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள். ஆனால் அவள் வேறொன்றை நினைத்தாள். கரையிலும் அவன் நாலு வருஷமாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பான், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவான். அதற்கு முன்னால் ஒரு பத்தொன்பது நாள் வேறு மாதிரி கூப்பிட்டான். அந்த நினைப்பு வந்ததுமே அவள் வழக்கம்போல அதைத் தள்ளிவிட்டாள்.

நாற்பதாம் நாள் கல்லறைத் திருநாள். சாயங்காலம் ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. தஸ்நேவிஸ் தன் அப்பா கல்லறையில் ஏற்றினான், அம்மா கல்லறையில் ஏற்றினான். பிறகு சுவரோரம் வேப்பமரத்தடிப் பக்கமாக நடந்து, அங்கே சிமெண்டு பூசிய முழ நீளத்து மேட்டின்மேல் காலை வைத்து ஏறி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நாலு வருஷமாக அந்த மேட்டுக்குப் பத்தடி முன்பே செருப்பைக் கழற்றிவிடுகிறவன் அவன்.

எங்கள் ஊரில் பால் குடிக்கிற வயதில் போன பிள்ளையின் பெயரை வீட்டில் உச்சரிப்பதில்லை. கூப்பிட்டால் பிள்ளை பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கும், மேலே போகாது என்பார்கள். கோயில் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு ஒரு புனிதர் பெயர் இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் கூப்பிட்டது வீட்டுப் பெயர். அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கே வரவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் தஸ்நேவிஸ் அவளை அந்தப் பெயரை வைத்து, இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். பிறகு வாயால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான், மனசில் நிறுத்தவில்லை. அந்த ஒரு சொல் கடலில் விழுந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையும் அம்மாவும் சேர்ந்தே விழுந்துவிட்டார்கள். கடலில் சொன்னதும் இல்லை, கரையில் அதற்குப் பிறகு சொன்னதும் இல்லை, ஆறு வரி புரோகிராம் அதை எங்கே போய்த் தேடும்? தாயாகிய அவளே அதைச் சொல்லென்று எண்ணிப் பட்டியலில் சேர்க்கவில்லை.

அவள் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கால் மிதித்த மண்ணைத் தட்டிவிட்டாள். விஷயம் விளங்கியதும் மெட்டில்டா பயந்துபோனாள்.

"வேண்டாம்ளா. இது குடை கொடுக்குற மாதிரி இல்ல. உங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. கொடுத்தா உனக்குப் புள்ள பொறந்ததே இல்லன்னு ஆயிரும்."

"தெரியும் மைனி."

"புருசன் பாக்காட்டி என்ன, சோறு திங்காம்லா. புள்ளைய விட்டுக் கொடுப்பியா?"

ஜெனோவா மேட்டின்மேல் கிடந்த வேப்பிலைச் சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு, "புள்ளைய நெனைக்க ஒருத்தர் இருந்தாப் போதும் மைனி. என்னையப் பாக்கவும் ஒருத்தர் வேணும்லா" என்றாள். சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காக அந்த மேட்டின்மேல் முகத்தை வைத்து மன்னிப்புக் கேட்டாள். வழக்கத்தை மீறி அன்றைக்கு அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்று நினைக்கிறோம்; நாங்கள் தள்ளிப் போய்விட்டோம், காதில் விழவில்லை.

நாற்பத்தோராம் நாள் விடிந்ததும் கடல் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, வாசல் நாற்காலியில் வழி பார்த்துக்கொண்டிருந்தவனின் இடது கையை எடுத்தாள். அவனுக்கு அது காற்று. உதறினான், அவள் விடவில்லை. உள்ளங்கையில் வாயை வைத்துச் சொல்லத் தொடங்கினாள். தவணை தீரப்போகிற நாள், சொல் லேசில் ஒட்டவில்லை. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணிப் பூசை மணி அடித்தது, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் ஒரு காலையில் சொல்லித் தீர்த்தாள். அவளுக்குத் தொண்டை கட்டியது, அவன் உள்ளங்கை நனைந்தது. தெருவில் நாங்கள் யாரும் வீட்டு வேலை பார்க்கவில்லை. ஒட்ட வேண்டும் என்று பாதிப் பேரும், ஒட்டக்கூடாது என்று பாதிப் பேரும் வேண்டிக்கொண்டிருந்தோம். நான் எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது.

பதினொன்றரைக்கு அவள் உதடு நின்றது. அவள் நிமிர்ந்து, வந்த வேலை மறந்துபோனவள் போல விழித்தாள். தஸ்நேவிஸ் குனிந்து தன் கையைப் பார்த்தான், கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். நாற்காலி பின்னால் விழ எழுந்து அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தரமாக வாய்விட்டு அவளைக் கூப்பிட்டான்.

அவள் சிரித்தாள். எங்களுக்கு அந்தச் சிரிப்பு மறக்காது, அவ்வளவு சந்தோஷம் அதில். "பாத்துட்டியளா? என்னையப் பாத்துட்டியளா?" என்று கேட்டுவிட்டு, "இப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டிய? முன்னாடி என்னமோ காத்தாப் போச்சு, அம்மான்னு மட்டும் கேட்டுச்சு. நான் யாருக்குங்க அம்மா?" என்றாள்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் குனிந்து அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "அதான் வந்துட்டியல்லா, பெறகென்ன அழுக" என்று தேற்றினாள். மெட்டில்டா தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவன் அவளை ஜெனோவா என்று கூப்பிடுகிறான், அவளுக்கு அது பிடித்திருக்கிறது. உடம்பு தேறி, முன்பைவிடச் சிரிப்பாக இருக்கிறாள். சில சமயம் மட்டும் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் நிற்பாள். பாடம் படிக்கிற பெண்கள் அவளாகக் கையை எடுக்கும்வரை காத்திருப்பார்கள்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அவனோடு அவளும் வந்தாள். மாமனார் மாமியார் கல்லறைகளில் பூப்போட்டுவிட்டு, கால் வலிக்கிறது என்று வேப்பமரத்தடிக்குப் போய், நிழலாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தது அந்த மேட்டின்மேல். 

தஸ்நேவிஸ் பத்தடி தள்ளிச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். "கொஞ்சம் தள்ளி உக்காரு ஜெனோவா" என்றான்.

"ஏன்? இங்கன நல்லாத்தான் இருக்கு."

"எறும்பு இருக்கு."

அவள் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மெழுகுவத்தியை ஏற்றி மேட்டின் தலைமாட்டில் நட்டான். கடல் காற்றில் அது அணைந்தது. மறுபடி ஏற்றினான், மறுபடி அணைந்தது. 

"வெறுந்தரையில யாருக்குங்க ஏத்துறிய?"

அவன் மூன்றாவது தரம் தீக்குச்சியைக் கிழித்தான். அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஏன் என்று மேற்கொண்டு கேட்காமல், அவனுக்காக இரண்டு கையையும் குவித்துச் சுடரைச் சுற்றி வைத்துக்கொண்டாள். மெழுகு முழுதும் எரிந்து தீரும்வரை கையை எடுக்கவில்லை.